சட்டன் யுனைடெட் சீசன் கணக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் இங்கிலாந்தின் சட்டன் யுனைடெட் கால்பந்து கிளப்பின் சீசன்வாரி அட்டவணையை வெளியிட்டிருந்தோம். புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்கும் அங்கிருந்து லண்டனுக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் நம் வாசகர்களுக்கு உறவாக இருப்பதாலோ என்னவோ, கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்துவிட்டன. பெரும்பாலானவை ஒரே சந்தேகத்தைத்தான் கேட்கின்றன: "கணக்கு உதைக்கிறதே, அச்சுப்பிழையா?"

அட்டவணையைத் தவறவிட்டவர்களுக்காக அதன் சாரம். கிளப் தொடங்கியது 1898-இல். மைதானம் தெற்கு லண்டனில் உள்ள கேண்டர் கிரீன் லேன். 1921-இல் ஏதெனியன் லீக்கில் சேர்ந்து 1927-28, 1945-46, 1957-58 ஆகிய சீசன்களில் பட்டம் வென்றது. 1963-இல் இஸ்த்மியன் லீக்குக்கு மாறியது. அங்கே 1966-67, 1984-85, 1985-86 பட்டங்கள். 1986-இல் கான்ஃபரன்ஸுக்கு (ஐந்தாம் மட்ட லீக், இன்றைய நேஷனல் லீக்) ஏறி 1991-இல் இறங்கியது. 1999-இல் மறுபடி ஏறி அடுத்த ஆண்டே இறங்கியது. 2004-இல் கான்ஃபரன்ஸ் சவுத், 2008-இல் திரும்பவும் இஸ்த்மியன், 2011-இல் திரும்பவும் சவுத், 2016-இல் நேஷனல் லீக். 2021-இல் வரலாற்றில் முதல்முறையாக நான்காம் மட்டமான லீக் டூ. 2024-இல் அங்கிருந்து இறங்கி மீண்டும் நேஷனல் லீக்.

இனி கேள்விகள்.

"2020-21 வரிசையில் ஆட்டங்கள் 42 என்று போட்டிருக்கிறீர்கள். நேஷனல் லீக்கில் 24 அணிகள் என்று அதே பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு அணியோடும் இரண்டு ஆட்டம் என்றால் 46 வர வேண்டுமே?" (முத்தியால்பேட்டை வாசகர்)

42 சரிதான். குறைந்த நான்கு ஆட்டங்களும் இரண்டு வெவ்வேறு காரணங்களால் குறைந்தவை.

மேக்கிள்ஸ்ஃபீல்டு டவுன் கிளப் கடன் தீர்க்க முடியாமல் 2020 செப்டம்பரில் நீதிமன்ற உத்தரவின்படி கலைக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வேறு கிளப்பைச் சேர்க்கவில்லை. எனவே சீசன் தொடங்கும்போதே அணிகள் 23, ஆட்டங்கள் 44. பிறகு கொரோனா காலத்துப் பணநெருக்கடியில் டோவர் அத்லெட்டிக் 2021 தொடக்கத்தில் ஆடுவதை நிறுத்திக்கொண்டது. லீக் நிர்வாகம் டோவர் அதுவரை ஆடிய எல்லா ஆட்டங்களையும் பட்டியலிலிருந்து நீக்கியது. மிச்சம் 22 அணிகள், 42 ஆட்டங்கள். டோவருக்கு 40,000 பவுண்டு அபராதமும், அடுத்த சீசனுக்கு 12 புள்ளி கழிவும் விழுந்தன. அதனால் அதன் 2021-22 வரிசையைப் பார்க்கும்போது புள்ளிகள் குறைவாகத் தெரியும். அதுவும் அச்சுப்பிழை அல்ல.

சட்டனின் வரிசையைக் கூட்டிப் பாருங்கள். வெற்றி 25, சமன் 9, தோல்வி 8, மொத்தம் 42. வெற்றிக்கு மூன்று வீதம் 75, சமனுக்கு ஒன்று வீதம் 9. ஆக 84 புள்ளி. போட்ட கோல் 72, வாங்கியது 36. இரண்டாமிடம் பிடித்த டார்க்கீ யுனைடெட்டுக்கு 80.

பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட ஆட்டத்தில் ஒருவர் கோல் போட்டிருந்தால் அதை அவருடைய தனிக் கணக்கில் சேர்க்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். லீக் கோல் என்ற தலைப்பில் சேர்க்கக் கூடாது. ஆனால் ஆட்டம் நடந்தது உண்மை. வியர்வை சிந்தியதும் உண்மை. அடிக்குறிப்பில் தனியாக எழுதிவைப்பதே முறை என்பது எங்கள் கருத்து.

"பழைய சீசன்களின் புள்ளிகளை வெற்றிக்கு மூன்று என்று கணக்குப் போட்டால் ஒன்றுமே ஒத்துவரவில்லை. எந்த ஆண்டிலிருந்து மூன்று?" (திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்)

ஐயா, இந்த மாதக் கேள்விகளில் மிக முக்கியமானது தங்களுடையதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக், அதாவது அன்றைய மேல்மட்ட நான்கு டிவிஷன்கள், வெற்றிக்கு மூன்று புள்ளி முறைக்கு 1981-82 சீசனில் மாறியது. அதற்கு முன் இரண்டு. ஆனால் நான்-லீக் என்று சொல்லப்படும் கீழ்மட்டத்தில் இந்த ஆண்டை அப்படியே வைத்துக் கணக்குப் போடக் கூடாது. இஸ்த்மியன், சதர்ன், நார்தர்ன் பிரீமியர் எல்லாம் தனித்தனி நிர்வாகங்கள். விதியை அவை அவை தங்களுக்கு வசதிப்பட்ட ஆண்டில் மாற்றிக்கொண்டன. ஆகவே வரிசையைச் சரிபார்க்கும் முன் "அந்த லீக்கில் அந்த ஆண்டு வெற்றிக்கு எத்தனை?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. மொத்தப் புள்ளியிலிருந்து சமன்களைக் கழியுங்கள். மீதியை வெற்றிகளால் வகுங்கள். விடை 2 வந்தால் பழைய முறை, 3 வந்தால் புதிய முறை. இரண்டுக்கும் நடுவே தசமத்தில் நின்றால், அந்தக் கிளப்புக்குப் புள்ளி கழிவு விழுந்திருக்கலாம். இல்லாவிட்டால் நீங்கள் நான்-லீக்கின் விசித்திரமான மூன்று சீசன்களில் வந்து நிற்கிறீர்கள்.

அந்த மூன்று சீசன்கள் 1983-84, 1984-85, 1985-86. கான்ஃபரன்ஸின் முந்தைய பெயர் அலையன்ஸ் பிரீமியர் லீக். 1979-இல் 20 கிளப்புகளோடு தொடங்கியது. வெளியூர் அணிகள் தற்காப்பிலேயே ஒடுங்கிவிடாமல் இறங்கி ஆட வேண்டும் என்பதற்காக, சொந்த மைதான வெற்றிக்கு 2 புள்ளி, வெளி மைதான வெற்றிக்கு 3, சமனுக்கு 1 என்று அந்த லீக் வைத்தது. இந்த மூன்று ஆண்டுகளுக்கு மொத்த வெற்றி எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு புள்ளியைச் சரிபார்க்கவே முடியாது. சொந்த மைதானம், வெளி மைதானம் என்று இரண்டு பத்தி பிரித்து எழுதிய அட்டவணை தேவை.

வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்க ஒரு கற்பனைக் கணக்கு. 42 ஆட்டத்தில் 'அ' அணி 20 வெற்றி, 2 சமன், 20 தோல்வி. 'ஆ' அணி 15 வெற்றி, 14 சமன், 13 தோல்வி. வெற்றிக்கு இரண்டு என்றால் அ 42, ஆ 44, ஆ மேலே. வெற்றிக்கு மூன்று என்றால் அ 62, ஆ 59, அ மேலே. இப்போது அ அணியின் வெற்றிகளில் 15 சொந்த ஊரில், 5 வெளியூரில் என்றும், ஆ அணிக்கு 6 சொந்த ஊரில், 9 வெளியூரில் என்றும் வையுங்கள். அலையன்ஸ் விதிப்படி அ 47, ஆ 53. அதே ஆட்டங்கள், அதே முடிவுகள், மூன்று விதமான பட்டியல். வேறு வேறு காலத்துச் சீசன்களைப் புள்ளியை மட்டும் பார்த்து "அந்த வருஷ டீம் தேவலாம்" என்று ஒப்பிடக் கூடாது என்பது இதனால்தான். ஒப்பிட விரும்பினால் வெற்றி விகிதத்தைப் பாருங்கள்.

சட்டன் 1986-இல் ஏறிய நேரத்தில் எல்லா வெற்றிக்கும் மூன்று என்ற முறை அங்கே வந்துவிட்டது. எனவே நம் அட்டவணையில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதே காலத்து வீல்ட்ஸ்டன், என்ஃபீல்டு போன்ற கிளப்புகளின் கணக்கை எடுத்தால் கட்டாயம் தட்டுப்படும்.

இன்னொரு பொறி, புள்ளி சமமானால் யார் மேலே என்பது. இப்போது கோல் வித்தியாசம், அதாவது கழித்தல். முன்பு கோல் சராசரி, அதாவது வகுத்தல். 60 போட்டு 30 வாங்கிய அணிக்குச் சராசரி 2.00, வித்தியாசம் 30. 80 போட்டு 45 வாங்கிய அணிக்குச் சராசரி 1.78, வித்தியாசம் 35. பழைய விதியில் முதல் அணி மேலே, புதிய விதியில் இரண்டாவது அணி. ஃபுட்பால் லீக் இதை மாற்றியது 1976-77-இல். அதற்கு முந்தைய பட்டியலில் வரிசை தலைகீழாகத் தெரிந்தால் திருத்திவிடாதீர்கள். முதலில் வகுத்துப் பாருங்கள்.

"1984-85-இல் சாம்பியன். ஆனால் 1985-86-லும் அதே இஸ்த்மியன் லீக்கில்தான் ஆடியிருக்கிறது. சாம்பியனானால் மேலே போக வேண்டாமா?" (நெய்வேலி வாசகர்)

இன்று போல அன்று ஏணி ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கவில்லை. பட்டம் வெல்வது ஒன்று, மேல் லீக்கில் இடம் பெறுவது வேறு. மேல் லீக் கேட்கும் மைதான வசதி, பணவசதி எல்லாம் தனித் தேர்வு. சட்டன் அடுத்தடுத்து இரண்டு முறை இஸ்த்மியன் பட்டம் வென்று, இரண்டாவதற்குப் பிறகு 1986-இல்தான் ஏறியது.

இதைவிட வலிக்கும் உதாரணங்கள் உண்டு. 1984-85-இல் வீல்ட்ஸ்டன் கிளப் அலையன்ஸ் லீக் பட்டத்தையும், நான்-லீக் கிளப்புகளுக்கான எஃப்.ஏ. (கால்பந்துச் சங்க) டிராஃபியையும் ஒரே சீசனில் வென்றது. நான்-லீக்கில் அப்படி இரட்டைப் பட்டம் பெற்ற முதல் கிளப். ஆனாலும் ஃபுட்பால் லீக்குக்குள் நுழைய முடியவில்லை. அன்றைக்கு அங்கே கடைசி இடங்களில் வரும் கிளப்புகளை வைத்துக்கொள்வதா, வெளியாளைச் சேர்ப்பதா என்று உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தீர்மானித்தார்கள். தானாக ஏறும் வழி 1986-87 சீசனில்தான் திறந்தது. முதலில் ஏறியது நீல் வார்னக் பயிற்சியளித்த ஸ்கார்பரோ. இறங்கியது லிங்கன் சிட்டி.

வழி திறந்த பிறகும் மைதானம் தடுத்தது. 1993-94 சாம்பியன் கிடர்மின்ஸ்டர் ஹாரியர்ஸ், 1994-95 சாம்பியன் மேக்கிள்ஸ்ஃபீல்டு, 1995-96 சாம்பியன் ஸ்டீவனேஜ். மூவருக்கும் மைதானம் நிபந்தனைக்கு ஏற்றபடி இல்லை என்று கதவு மூடப்பட்டது. ஸ்டீவனேஜ் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அதன் பலனாகக் கடைசி இடத்தில் வந்தும் தப்பித்தவை முறையே நார்தாம்ப்டன், எக்ஸிட்டர், டார்க்கீ. ஆக, இந்த ஆறு கிளப்புகளின் சீசன் கணக்கிலும் 'முதலிடம், ஆனால் ஏறவில்லை', 'கடைசி, ஆனால் இறங்கவில்லை' என்று ஒரு வரி இருக்கும். குறிப்பு எழுதாமல் விட்டால் பின்னால் வருபவர் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவார்.

சட்டனுக்கும் 2021-இல் இந்தச் சோதனை வந்தது. 2015-இல் போட்ட செயற்கைப் புல்தரை அவர்களுக்கு நல்ல வருமானம் தந்தது. மழை பெய்தாலும் ஆட்டம் தள்ளிப்போகாது, வாரநாட்களில் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடலாம். லீக் டூவில் செயற்கைத் தரைக்கு அனுமதி இல்லை. ஏறிய கோடையிலேயே அதைப் பெயர்த்துவிட்டு இயற்கைப் புல் போட வேண்டியதாயிற்று.

"2003-04-இல் இஸ்த்மியன், 2004-05-இல் கான்ஃபரன்ஸ் சவுத். ஏற்றம் என்று ஏன் குறிக்கவில்லை?" (வில்லியனூர் வாசகி)

சட்டன் நகர்ந்தது, மட்டம் மாறவில்லை. 2004-இல் கான்ஃபரன்ஸுக்குக் கீழே நார்த், சவுத் என்று இரண்டு டிவிஷன்களைப் புதிதாகச் செருகினார்கள். அதுவரை இஸ்த்மியன் பிரீமியர் நாட்டின் ஆறாம் மட்டம். புதியவை ஆறாம் மட்டத்தில் உட்கார்ந்ததும் இஸ்த்மியன் ஏழாவதாயிற்று. சட்டன் ஆறிலிருந்து ஆறுக்கே போனது. இடம் மாறாமல் இஸ்த்மியனிலேயே நின்ற கிளப்புகள், தோற்காமலேயே ஒரு மட்டம் இறங்கின. நார்தர்ன் பிரீமியர், சதர்ன் லீக் கிளப்புகளுக்கும் இதே கதைதான்.

ஆகவே லீக்கின் பெயரோடு மட்ட எண்ணையும் தனிப் பத்தியில் எழுதுங்கள். 'ஸ்டெப்' என்று வேறொரு எண்ணும் புழக்கத்தில் உண்டு. மட்டத்திலிருந்து நான்கைக் கழித்தால் ஸ்டெப் வரும்: ஐந்தாம் மட்டமான நேஷனல் லீக் ஸ்டெப் 1, ஏழாம் மட்டமான இஸ்த்மியன் பிரீமியர் ஸ்டெப் 3. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்துவிட்டால் அட்டவணையே பாழ்.

விளம்பரதாரர் பெயரும் குழப்பும். கோலா லீக், ஜி.எம். வாக்ஸ்ஹால் கான்ஃபரன்ஸ், நேஷன்வைடு கான்ஃபரன்ஸ், புளூ ஸ்கொயர் பிரீமியர், ஸ்கிரில், வனராமா எல்லாம் ஒரே லீக்தான். 2015-இல் அதன் சொந்தப் பெயரே நேஷனல் லீக் ஆயிற்று.

"கோவென்ட்ரியை வென்ற ஆட்டம் 1989 ஜனவரி என்கிறீர்கள். அட்டவணையில் 1988-89 வரிசையில் இருக்கிறது. அந்த ஆட்டத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்." (சிதம்பரம் கல்லூரி மாணவர்)

நம் பள்ளிக்கூட ஆண்டு மாதிரிதான். ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடியும் சீசன். ஜனவரி ஆட்டம் முந்தைய ஆண்டின் எண்ணோடு சேர்ந்தே வரும்.

1989 ஜனவரி 7, எஃப்.ஏ. கோப்பை மூன்றாம் சுற்று, கேண்டர் கிரீன் லேன். கோவென்ட்ரி சிட்டி அப்போது முதல் டிவிஷன் அணி. 1987-இல் அதே கோப்பையை வென்ற அணி. கேப்டன் டோனி ரெயின்ஸ் தலையால் முட்டிச் சட்டனுக்கு முதல் கோல். இடைவேளைக்குப் பிறகு டேவிட் பிலிப்ஸ் சமன் செய்தார். கார்னரிலிருந்து வந்த பந்தை மேத்யூ ஹான்லன் உள்ளே தள்ள, முடிவு 2-1. சட்டனின் மேனேஜர் பேரி வில்லியம்ஸ் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். அடுத்த சுற்றில் நார்விச் 8-0 என்று திருப்பியடித்தது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அந்த வெற்றி எவ்வளவு பெரியது என்று புரியும்.

இதற்குப் பிறகு இன்னொரு நான்-லீக் அணி மேல்மட்ட டிவிஷன் அணியை இந்தக் கோப்பையில் வீழ்த்த 24 ஆண்டுகள் ஆயின. 2013 ஜனவரியில் லூட்டன் டவுன் 1-0 என்று வென்றது. வென்றது அதே நார்விச்சை.

கோப்பைப் பத்தியில் சட்டனுக்கு வேறு இரண்டு உச்சங்கள் உண்டு. 1970 ஜனவரி 24, நான்காம் சுற்று: அப்போதைய லீக் சாம்பியன் லீட்ஸ் யுனைடெட் வந்து 6-0 என்று வென்றது. ஆலன் கிளார்க் நான்கு, பீட்டர் லோரிமர் இரண்டு. 2017-இல் அதே லீட்ஸ், அதே நான்காம் சுற்று, அதே மைதானம். ஜேமி காலின்ஸ் அடித்த பெனால்டியில் சட்டன் 1-0. ஐந்தாம் சுற்றில் ஆர்சனலிடம் 0-2. 47 ஆண்டு இடைவெளியில் ஒரே எதிரியோடு இப்படிக் கணக்குத் தீர்ந்ததைப் பார்க்க வேண்டுமானால், சீசன்களை வரிசையாக எழுதிவைத்தால்தான் முடியும்.

கோப்பைப் பத்தியை நிரப்பும்போது ஒரு கவனம்: 'முதல் சுற்று' என்பது முதல் ஆட்டம் அல்ல. அதற்கு முன்னால் தகுதிச் சுற்றுகள் இருக்கின்றன. நேஷனல் லீக் கிளப் நான்காம் தகுதிச் சுற்றில் நுழையும். நேஷனல் லீக் சவுத் கிளப் இரண்டாம் தகுதிச் சுற்றில். வெறுமனே 'நான்காம் சுற்று' என்று எழுதினால் அக்டோபரில் தோற்றதா, ஜனவரியில் லீட்ஸோடு ஆடியதா என்று தெரியாது. 'தகுதி 4', 'பிரதானம் 4' என்று பிரித்தெழுதுங்கள்.

"1963 அமெச்சூர் கோப்பை இறுதியில் சட்டனைத் தோற்கடித்த விம்பிள்டனும், 2017-இல் சட்டனிடம் தோற்ற விம்பிள்டனும் ஒன்றா?" (மஞ்சக்குப்பம் வாசகர்)

சட்டப்படி வேறு. 1963 இறுதியில் விம்பிள்டன் 4-2 என்று வென்றது. நான்கு கோலும் எடி ரெனால்ட்ஸ் தலையால் முட்டியவை. அந்தக் கிளப் 1964-இல் சதர்ன் லீக்குக்கும், 1977-இல் ஓட்டெடுப்பில் ஃபுட்பால் லீக்குக்கும் போய், 1988-இல் லிவர்பூலை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையையே எடுத்தது. பிறகு 2003-இல் மில்டன் கீன்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்து, 2004-இல் எம்.கே. டான்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இடமாற்றத்தை ஏற்காத ரசிகர்கள் 2002-இல் ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கி, கீழ்மட்டத்துக் கம்பைண்டு கவுண்டீஸ் லீக்கிலிருந்து ஏறி வந்தார்கள். 2017 எஃப்.ஏ. கோப்பை மூன்றாம் சுற்று மறு ஆட்டத்தில் சட்டன் 3-1 என்று வென்றது இவர்களைத்தான்.

பழைய பட்டங்களுக்கு உரிமை கொண்டாடுவதை எம்.கே. டான்ஸ் 2007-இல் விட்டுக்கொடுத்தது. கணக்கில் இரண்டையும் தனி எதிரிகளாகவே எழுதிக் குறிப்புச் சேருங்கள். அக்ரிங்டன் விஷயத்திலும் இதே எச்சரிக்கை: 1888-இல் ஃபுட்பால் லீக்கைத் தொடங்கிய பன்னிரண்டில் ஒன்றான அக்ரிங்டன் வேறு, 1962-இல் லீக்கை விட்டு விலகிய அக்ரிங்டன் ஸ்டான்லி வேறு, 1968-இல் அதே பெயரில் பிறந்து இன்று ஆடுவது வேறு.

"அமெச்சூர் கோப்பைப் பத்தி 1974-இல் நின்றுவிடுகிறது. ஏன்?" (பண்ருட்டி வாசகர்)

சம்பளம் வாங்காதவர், வாங்குபவர் என்ற பாகுபாட்டையே கால்பந்துச் சங்கம் அந்த ஆண்டு எடுத்துவிட்டது. 1893-94-இல் தொடங்கிய கோப்பையின் கடைசி இறுதியாட்டம் 1974. பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டு வென்றது. சட்டன் 1963, 1969 இரண்டு இறுதிகளிலும் தோற்றது. இரண்டாவது நார்த் ஷீல்ட்ஸிடம் 1-2. 1969-70-இல் தொடங்கிய எஃப்.ஏ. டிராஃபியிலும் 1981 இறுதியில் 0-1 தோல்வி. எதிரி அதே பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டு.

"சட்டன் லண்டனில் இருக்கிறது. சர்ரே மாவட்டக் கோப்பையில் ஏன் ஆடுகிறது?" (பாகூர் வாசகர்)

பாகூரிலிருந்து கேட்கிறீர்கள். சுற்றிலும் கடலூர் மாவட்டம் இருக்க, நிர்வாகம் புதுச்சேரி என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சட்டன் 1965 வரை சர்ரே மாவட்டத்தில்தான் இருந்தது. அரசு எல்லையை மாற்றியது. கால்பந்துச் சங்கங்கள் பழைய எல்லையிலேயே நிற்கின்றன.

"போர்க்காலத்து வரிசைகளையும் 2019-20 வரிசையையும் மற்றவற்றோடு கூட்டலாமா?" (லாஸ்பேட்டை வாசகர்)

1939-40 சீசன் தொடங்கிய வேகத்திலேயே போர் அறிவிப்பால் நின்றது. அதைக் 'கைவிடப்பட்டது' என்று எழுதி, மொத்தத்தில் சேர்க்காமல் விடுங்கள்.

2019-20-இல் மட்டத்துக்கு மட்டம் முடிவு வேறு. ஸ்டெப் 3 முதல் கீழே எல்லாம் 2020 மார்ச்சில் ரத்து. பட்டம் இல்லை, ஏற்றம் இறக்கம் இல்லை. ஸ்டெப் 1, 2 இரண்டிலும் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற சராசரியில் வரிசைப்படுத்தினார்கள். 38 ஆட்டத்தில் 57 புள்ளி எடுத்த அணிக்கு 1.50, 36 ஆட்டத்தில் 55 எடுத்த அணிக்கு 1.53. புள்ளி குறைவானாலும் இரண்டாவது அணியே மேலே வரும். 2020-21-லோ நேஷனல் லீக் ஆடி முடிக்கப்பட்டது, அதன் நார்த்தும் சவுத்தும் பிப்ரவரியில் ரத்தாயின. சட்டன் மேல் டிவிஷனில் இருந்ததால் தப்பித்தது. ஒரு படி கீழே இருந்திருந்தால் அந்தப் பட்டமே இருந்திருக்காது.

"மகள் சட்டனில் இருக்கிறாள். ஆட்டம் நம் நேரப்படி எப்போது? தேதி குழப்புகிறது." (முதலியார்பேட்டை வாசகி)

சனிக்கிழமை மாலை 3 மணி ஆட்டம், குளிர்காலத்தில் நமக்கு இரவு 8.30. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை முன்தள்ளி வைப்பதால் 7.30. செவ்வாய் இரவு 7.45 ஆட்டம் நமக்கு நள்ளிரவு தாண்டி, குளிர்காலத்தில் 1.15, கோடையில் 12.15, அதாவது இங்கே புதன்கிழமை. குறித்துவைக்கும்போது இங்கிலாந்துத் தேதியையே எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஆட்டம் இரண்டு தேதியில் இரண்டு முறை ஏறிவிடும். மகளுக்கு மைதானம் போக வெஸ்ட் சட்டன் ரயில் நிலையம் பக்கம்.

"எங்கள் ஊர் கிளப்புக்கும் இப்படி ஓர் அட்டவணை செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?" (நெல்லிக்குப்பம், இளைஞர் அணிச் செயலாளர்)

மகிழ்ச்சி, தம்பி. சட்டனின் கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்கக் காரணம், யாரோ அந்தந்த வாரமே எழுதிவைத்ததுதான்.

முதலில் ஆட்டப் பதிவேடு, அப்புறம்தான் சீசன் அட்டவணை. நீளவாட்டுக் கணக்கு நோட்டு ஒன்று வாங்கி, ஆட்டத்துக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். தேதி, தொடரின் பெயர், இடம், எதிரணி, முடிவு, கோல் போட்டவர், ஆதாரம். நம் பக்கத்தில் அவசியமான பத்திகள் இன்னும் இரண்டு: ஆட்டநேரம், ஆள் எண்ணிக்கை. உள்ளூர்த் தொடர்களில் பாதிக்கு 25, 30, 35 நிமிடம் என்று மாறும். செவன்ஸ் ஆட்டமும் பதினொருவர் ஆட்டமும் ஒரே நோட்டில் வரும். பிரிக்காமல் கோல்களைக் கூட்டினால் செவன்ஸ் ஆடியவர்தான் எப்போதும் முதலிடத்தில் நிற்பார். சமனான ஆட்டம் பெனால்டியில் முடிந்ததா, டாஸில் முடிந்ததா என்றும் எழுதுங்கள். பதிவில் அது சமன், அடுத்த சுற்றுக்குப் போனது வேறு விஷயம்.

ஆதாரப் பத்தியை வெறுமையாக விடவே கூடாது. பிட் நோட்டீஸ், செய்தித்தாள், கோப்பைத் தகடு, வாய்மொழி என்று வகை பிரியுங்கள். நோட்டீஸ் ஆட்டம் நடக்கவிருந்ததைத்தான் சொல்லும், நடந்ததைச் சொல்லாது, மழையில் தள்ளிப்போயிருக்கலாம். சுழற்கோப்பையின் அடிக்கட்டையில் உள்ள தகட்டில் ஆண்டு இருக்கும், தேதி இருக்காது. பொங்கலை ஒட்டி நடந்த தொடரானால் டிசம்பரில் தொடங்கி ஜனவரியில் முடிந்திருக்கலாம். வாய்மொழியாகக் கேட்டதைப் பென்சிலில் எழுதுங்கள். இன்னொரு ஆதாரம் கிடைத்ததும் பேனாவில் மேலெழுதலாம். மூத்த ஆட்டக்காரரிடம் "எந்த வருஷம்?" என்று கேட்பதைவிட, "அப்போது யார் கோல்கீப்பர், தானே புயலுக்கு முன்னாலா பின்னாலா?" என்று கேளுங்கள், விடை துல்லியமாக வரும்.

லீக் முறையில் நடந்த தொடருக்குச் சரிபார்ப்பு எளிது. எல்லா அணிகளின் வெற்றிகளையும் கூட்டினால் எல்லாத் தோல்விகளின் கூட்டலுக்குச் சமமாக வர வேண்டும். போட்ட கோல்களின் மொத்தமும் வாங்கிய கோல்களின் மொத்தமும் ஒன்றாக வேண்டும். சமன்களின் மொத்தம் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். ஏதாவது உதைத்தால் எங்கோ ஓர் ஆட்டம் ஒரு பக்கம் மட்டும் ஏறியிருக்கிறது. ஆட்டக்காரர் சண்டை போட்டு வெளியேறி, எதிரணிக்கு வாக்-ஓவர் கொடுத்த ஆட்டங்களில்தான் இது அடிக்கடி நேரும்.

கடைசியாக, காகிதம். கடற்காற்றின் ஈரத்தில் நோட்டு ஒட்டிக்கொள்ளும், பூச்சி அரிக்கும். 2011 தானே புயலிலும் 2015 வெள்ளத்திலும் நம் மாவட்டத்தில் பல வீட்டுப் பெட்டிகள் நனைந்து போயின. பக்கங்களைப் பகல் வெளிச்சத்தில் நேராகப் படமெடுத்து, ஒரு பிரதி செயலாளர் வீட்டிலும் ஒரு பிரதி வேறு ஊரில் உள்ள உறுப்பினரிடமும் வையுங்கள். பழைய கோப்பைகளின் தகடுகளையும் அப்படியே எடுங்கள். பாலிஷ் போடும்போது எழுத்துத் தேய்ந்துபோகும், அதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள். இந்த ஆண்டின் ஆட்டங்களை அன்றன்றே, மைதானத்தை விட்டுக் கிளம்பும் முன், இரு அணித் தலைவர்களிடமும் கையெழுத்து வாங்கிப் பதியுங்கள்.